ஃபூஜி மலையின் உச்சி குப்பைக்கூடையில்: ஒரு படப்பெட்டியும் ஒரு பிரேம் கடையும்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். படப்பெட்டி 2,400 ரூபாய். அதிலிருந்து நான்கு தாள்களுக்குச் சட்டம் போட, தலா 850 வீதம் 3,400 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என் மனைவி இரண்டு நாள் சொல்லிக்காட்டினாள். அவள் சொன்னதில் தவறில்லை. சுமைகூலி வாங்கியவர் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

குன்னூரில் பழைய புத்தகம் விற்கும் சிறிய கடை ஒன்றில், முதுகு பிய்ந்த செடிகொடிப் புத்தகங்களுக்கும் சமையல் புத்தகங்களுக்கும் நடுவே இந்தப் பெட்டி கிடந்தது. மூடியில் இரவு நேரத்துப் பனியில் குனிந்து நடக்கும் மூன்று பேர். கடைக்காரர் அதை ஜப்பான் காலண்டர் என்றே நினைத்திருந்தார். திறந்தால் 55 தனித்தாள்கள், ஒரு மெல்லிய ஆங்கிலக் கையேடு. ஹிரோஷிகே என்ற ஓவியர் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கி, 1833-34 வாக்கில் அச்சிட்டு விற்கப்பட்ட ‘தோகாய்தோவின் 53 நிலையங்கள்’ என்ற படத்தொடரின் மறுபதிப்பு. நிலையங்கள் என்ற சொல்லைப் பார்த்ததுமே கை பர்ஸுக்குப் போய்விட்டது. மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் நடுவே மலை ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். (இப்போது அந்தப் பதவிக்கு ரயில் மேலாளர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நான் கார்டாகவே ஓய்வு பெற்றேன், கார்டாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.) கல்லாறு, ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி என்று ஒரு டஜன் நிலையங்களையே ஆயுள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, 53 நிலையங்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தால் விடுவானா?

அந்த நிலையங்களுக்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லை. ஜப்பானில் ரயில் ஓடத் தொடங்கியது 1872இல். இவை அதற்கு முந்தைய சத்திர ஊர்கள். இன்று டோக்கியோ என்று அழைக்கப்படும் எடோவிலிருந்து கியோட்டோ வரை கடலோரமாகச் செல்லும் தோகாய்தோ சாலை கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். நடந்தால் இரண்டு வாரம். வழியில் ஆளும் குதிரையும் மாற்றிக்கொள்ள, சாப்பிட, படுக்க 53 இடங்கள். புறப்படும் பாலமும் போய்ச் சேரும் பாலமும் சேர்ந்ததால் படங்கள் 55. இப்போது அதே பாதையில் அவர்களுடைய அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்கிறது. எங்கள் வண்டி 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க ஐந்து மணி நேரம் எடுக்கும். ஆகவே வேகத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். நடந்து போகிறவனின் கண்ணுக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

ஓவியரைப் பற்றிக் கையேட்டில் படித்த ஒரு செய்தி எனக்குப் பிடித்துப்போயிற்று. ஹிரோஷிகே அரசாங்க ஊழியர். எடோ கோட்டையின் தீயணைப்புப் பிரிவில் அப்பா பார்த்த பரம்பரை வேலை, 1809இல் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே இவர் தலையில் விழுந்தது. வேலையையும் பார்த்துக்கொண்டு படமும் கற்றிருக்கிறார். டூட்டிக்கு நடுவே படம் போட்டவர் என்பதால் மட்டுமே நான் அவருக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போடுவேன்.

ஒரு தொடருக்கு எண் வைப்பது ஜப்பான்காரர்களின் பழக்கம் என்று கையேடு பெரிதாகச் சொல்கிறது. நமக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆறு படைவீடு, அறுபத்துமூவர், நூற்றெட்டுத் திருப்பதி என்று எண்ணி எண்ணியே கும்பிடுகிறவர்கள் நாம். அங்கே எட்டுக் காட்சிகள் என்று ஒரு கணக்கு உண்டு. சீனத்திலிருந்து வந்தது. இரவு மழை, மாலைப் பனி, இலையுதிர்கால நிலா, திரும்பி வரும் பாய்மரம் என்று எட்டுத் தலைப்பு தயாராக இருக்கும். எந்த ஏரிக்கரையைக் கொடுத்தாலும் அந்த எட்டில் அடக்கிவிடுவார்கள். ஹொகுசாய் என்ற இன்னொரு ஓவியர் ஃபூஜி மலைக்கு 36 காட்சிகள் என்று ஆரம்பித்தார். விற்பனை சூடு பிடித்ததும் பதிப்பாளர் இன்னும் பத்து கேட்டு வாங்கி 46 ஆக்கினார். பெயர் மட்டும் 36 என்றே நின்றுவிட்டது. முதல் 36இல் வெளிக்கோடு நீலம், பின்னால் வந்த பத்தில் கறுப்பு. ஹிரோஷிகேயே கடைசியில் எடோ நகரத்தின் நூறு காட்சிகள் என்று வரைந்தார். அதில் நூற்றுக்கு மேல் பதினெட்டு தேறும். ஏமாற்று என்று சொல்லத் தோன்றும். பதிகம் என்றால் பத்து, ஆனால் சம்பந்தர் பதினொன்று பாடுவார், அதை நாம் பதினொரிகம் என்றா சொல்கிறோம்?

இடக்காட்சிகள் இந்தக் கலையில் பிற்பாடு வந்தவை. அதற்கு முன் நூறு ஆண்டுகளுக்கு மேல் விற்றவை அழகிகளும் நாடக நடிகர்களும்தான். பிறகு 1842இல் அரசாங்கம் சிக்கன நடவடிக்கை என்று நடிகர், கணிகையர் படங்களுக்குத் தடை போட்டது. அதனால் ஊர், மலை, வீரர் படங்களின் பக்கம் பதிப்பாளர்கள் மேலும் சாய்ந்தார்கள். நமது ஊர் போஸ்டர்களுக்கு அப்படி ஒரு தடை போட்டால் எத்தனை அருவியும் மலையும் சுவரில் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி தாளின் அளவு. பெட்டியின் முதல் குறை இங்கே இருக்கிறது.

இந்தப் படங்களுக்குத் தாள் அளவு என்பது நம்முடைய சினிமா போஸ்டரில் ஆறு ஷீட், நான்கு ஷீட் என்பதுபோல வியாபாரச் சொல். பெரிய தாளை இரண்டாக வெட்டினால் ஓபான்: ஏறத்தாழ 38 சென்டிமீட்டருக்கு 26. அதில் பாதி சூபான். ஒல்லியாக உயர்ந்து நிற்பது ஹோசோபான், நடிகர் படங்களுக்கு. வீட்டுத் தூணில் தொங்கவிட என்றே 70 சென்டிமீட்டர் உயரமும் ஒரு சாண்கூட இல்லாத அகலமுமாக ஒரு வகை உண்டு. விசிறியில் ஒட்டுவதற்கென்று விசிறி வடிவத்திலேயே அச்சிட்ட படங்களும் உண்டு. அவற்றை வாங்கி ஒட்டி வீசிக் கிழித்துவிடுவார்கள், அதனால் மிஞ்சியவை குறைவு. ஒரே காட்சியை மூன்று ஓபான் தாள்களில் பரப்பி, மூன்றாகவும் விற்கலாம், ஒன்றாகவும் விற்கலாம் என்று வைத்திருந்தார்கள். ஓவியர் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே தாள் இன்னது என்று பதிப்பாளர் முடிவு செய்துவிடுவார்.

தோகாய்தோ தொடர் ஓபான் தாள், அதுவும் படுக்கைவாட்டில். என்னிடம் வந்த பெட்டியின் தாள்களை இரும்பு ஸ்கேல் வைத்து அளந்தேன்: 26க்கு 18. அதாவது மூலத்தில் ஏறக்குறைய பாதிப் பரப்பு. கையேட்டில் எங்கேயும் சிறிதாக்கிவிட்டோம் என்று ஒரு வரி இல்லை. சிறிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். ஹிரோஷிகேயே இதே சாலையைச் சிறிய தாளில் தனித் தொடராக வரைந்திருக்கிறார். அதில் ஒவ்வொரு படத்திலும் ஒரு வேடிக்கைக் கவிதையைச் சேர்த்தார். ஆயுளில் இருபது முறையாவது இந்தச் சாலையை வேறு வேறு தொடராகப் போட்டிருப்பார். 1855இல் தாளை நிமிர்த்தி வைத்து, பருந்து பார்ப்பதுபோல உயரத்திலிருந்து வரைந்த தொடர் ஒன்றும் உண்டு. தாள் மாறினால் படத்தையே மாற்றுகிறவர் அவர். பெட்டி போட்டவர்கள் பெரிய தாளுக்கு வரைந்ததை அப்படியே சுருக்கிவிட்டார்கள். எட்டு முழ வேட்டியைத் துவைத்துச் சுருங்கவிட்டு நான்கு முழம் என்று கட்டிக்கொள்வதுபோல.

இது எங்கே உறுத்துகிறது என்றால் 35ஆம் நிலையமான கோயுவில். அந்தியில் சத்திரத்துப் பெண்கள் வழிப்போக்கர்களை வளைத்துப் பிடித்து உள்ளே இழுக்கிறார்கள். ஒருவனுடைய மூட்டைக் கயிற்றைப் பிடித்து இழுக்க, அது அவன் கழுத்தை நெரிக்கிறது. உதகை நிலையத்தில் வண்டி நின்றதும் அறை வேண்டுமா சார் என்று பெட்டியைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் புரியும். படத்தின் வலப்பக்கம் சத்திரத்தின் உள்ளே சுவரில் பலகைகள் தொங்குகின்றன. அவற்றில் எழுதியிருப்பது சத்திரத்து விஷயம் இல்லை. செதுக்கியவர் ஜிரோபேய், அச்சடித்தவர் ஹேய்பேய் என்று தொழிலாளிகளின் பெயர்களை அங்கே மாட்டியிருக்கிறார்கள். வாசலில் பெரிய வட்டத்தில் பதிப்பாளர் தகெனோவுச்சியின் பெயர். கோயில் தூணில் தச்சன் தன் பெயரை ஓரமாக வெட்டிவைப்பதுபோல. சாதாரணமாக ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் தாளில் இருக்கும், செதுக்குகிறவரும் அச்சடிக்கிறவரும் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. எங்கள் வண்டியிலும் அப்படித்தான். எஞ்சின் பின்னால் இருந்து தள்ள, ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்ஸ்மேன் நின்று கைபிரேக் போடுவார். புகைப்படம் எடுக்கிறவர்கள் எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பலகை எழுத்துகளைத்தான் இந்தப் பெட்டியில் பூதக்கண்ணாடி வைத்தும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. புள்ளி புள்ளியாகச் சிதறிவிட்டது. என் பேத்தி அருங்காட்சியகத்துப் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் பார்த்தேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு நீலத்தை விட முடியுமா? 1830 வாக்கில் ஐரோப்பாவின் பிரஷ்ய நீலம் ஜப்பானில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. அதற்கு முன் இருந்த செடி நீலம் வெளுக்கும், இது வெளுக்காது, ஆழமாகவும் நிற்கும். ஹொகுசாயின் அலை, ஹிரோஷிகேயின் வானம் எல்லாம் அந்தச் சாயத்தின் தயவு. பெரும்பாலான தாள்களில் வானத்தின் உச்சியில் ஒரு நீலப் பட்டை தொடங்கிக் கீழே வரவரக் கரைந்து வெள்ளையாகிவிடும். அது கட்டையில் செதுக்கியது இல்லை. அச்சடிக்கிறவர் ஈரக் கட்டையில் தூரிகையால் சாயத்தைத் தேய்த்து, ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே அந்தக் கரைசலைக் கொண்டுவர வேண்டும். ஒரு கட்டைக்கு ஒரு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் தாளை மறுபடி அதே இடத்தில் வைத்து அழுத்த வேண்டும், மயிரிழை பிசகினால் உதட்டுக்கு வெளியே சிவப்பு போய்விடும். இந்தப் பெட்டியில் அந்தக் கரைசல் படிப்படியாக, வரி வரியாகத் தெரிகிறது. மாடிப்படி மாதிரி வானம். நீலமும் கொஞ்சம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய தோட்ட பங்களாவில் கையால் அச்சடித்த மறுபதிப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். வெயில் பட்டு வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் தாளைத் திருப்பினால் பின்பக்கமும் சாயம் ஊறித் தெரிந்தது. இந்தத் தாள்களின் பின்பக்கம் கல்யாணப் பத்திரிகை மாதிரி வழுவழுவென்று வெள்ளை.

கையேட்டில் 30ஆம், 31ஆம் நிலையங்களின் விளக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. மைசாகாவில் இருக்க வேண்டியது அராயில், அராயில் இருக்க வேண்டியது மைசாகாவில். இரண்டும் தண்ணீர்க் காட்சி என்பதால் யாரும் கவனிக்கவில்லைபோலும். தாளின் மேல்மூலையில் ஜப்பானிய எழுத்தில் ஊர்ப் பெயர் இருக்கிறது. அதைக் கைபேசியில் படிக்கவைத்துப் பேத்திதான் கண்டுபிடித்தாள். நிலையத்தின் பெயர்ப்பலகையை மாற்றி மாட்டினால் எங்கள் இலாகாவில் மெமோ கிடைக்கும்.

இவ்வளவு குறை சொன்னவன் ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால், 11ஆம் நிலையத்தின் தாளுக்காக. மிஷிமா, காலைப் பனிமூட்டம். நடுவில் ஒருவர் குதிரையில், ஒருவர் பல்லக்கில், சுமையாட்கள் சிலர். அவர்களுக்கு மட்டும் வெளிக்கோடும் நிறமும் இருக்கின்றன. வலப்பக்கம் கோயில் தோரணவாயில், இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கும் ஆட்கள், மரங்கள், கூரைகள் எல்லாம் வெறும் நிழல். கோடே கிடையாது. சாம்பலும் நீலமுமாகக் கறை மாதிரி நிற்கின்றன. ஹில்குரோவுக்கு மேலே பாறைப் பக்கம் திரும்பும்போது மேகம் வண்டிக்குள் வந்துவிடும். அப்போது முதல் பெட்டியில் நிற்கிற பிரேக்ஸ்மேனின் கொடி தெரியும், அவர் சட்டை தெரியும், அவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மரம் கறையாகத்தான் தெரியும். பக்கத்தில் இருப்பதற்குக் கோடு உண்டு, தள்ளி இருப்பதற்குக் கிடையாது. பல ஆண்டுகள் பார்த்ததை ஒருவர் பார்க்காமலே வரைந்துவைத்துவிட்டார். என் மனைவியிடம் காட்டினேன். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இது ரன்னிமேடுதானே” என்றாள்.

22ஆம் நிலையமான ஃபூஜியேதாவும் எனக்கு வேண்டியதே. ஆளும் குதிரையும் மாற்றும் இடம். மேடையில் உட்கார்ந்து ஒருவர் ஏட்டைப் பார்க்கிறார், கீழே சுமையை இறக்கிய ஒருவன் வியர்வை துடைக்கிறான். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டும் இருபது நிமிடம் அது. ஹகோனேயில் மலையை ஒட்டுத்துணி தைத்த கோட்டு மாதிரி பச்சை, நீலம், பழுப்பு என்று துண்டு துண்டாக வரைந்திருக்கிறார். எந்த மலையும் அப்படி இருக்காது. மூச்சு வாங்க ஏறுகிறவனுக்கு அப்படித்தான் தெரியும். பனியில் மூன்று பேர் நடக்கும் கன்பராவுக்கு, மூடியில் போடும் அளவுக்குப் புகழ். அது கடலோர ஊர், அவ்வளவு பனி அங்கே விழாது என்கிறார்கள். விழாத பனியை எவ்வளவு நம்பும்படி போட்டிருக்கிறார் பாருங்கள். அந்தப் படத்தில் இரண்டு வகை உண்டு: கறுப்பு வானத்தின் உச்சியில் தொடங்கிக் கீழே கரைவது ஒன்று, கூரைகளின் மேலிருந்து தொடங்கி மேலே கரைவது ஒன்று. ஒரே கட்டை, அச்சடித்தவர் சாயத்தை எங்கே தேய்த்தார் என்பதே வித்தியாசம். பெட்டியில் ஒன்றுதான் இருக்கிறது. ஷோனோவின் மழையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஐப்பசி மழை தெரிந்தவர்களுக்கு அந்தச் சாய்கோடு போதும்.

சரி, பிரேம் கடைக்கு வருகிறேன்.

மிஷிமா, ஷோனோ, ஹரா, ககேகவா ஆகிய நான்கைத் தேர்ந்தெடுத்துச் சட்டம் போடக் கொடுத்தேன். பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் கடை. பெயர் சொல்லவில்லை, நல்ல மனிதர். அவரிடம் வருவது சாமி படம், கல்யாணப் படம், மறைந்தவர்கள் படம். அவற்றை நேர்த்தியாகச் செய்வார். மூலைகள் கச்சிதமாகச் சேரும், இடுக்கில் நகம் போகாது. அதனால்தான் போனேன்.

ஹரா 13ஆம் நிலையம். இரண்டு பெண்களும் சுமை தூக்கும் ஆளும் வயல் நடுவே நடக்கிறார்கள், இரண்டு நாரைகள் மேய்கின்றன, பின்னால் ஃபூஜி. எல்லாத் தாளிலும் படத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக்கோடு உண்டு, கோட்டுக்கு வெளியே வெள்ளை ஓரம். இந்த ஒரு தாளில் மலை அந்தக் கோட்டைக் கிழித்துக்கொண்டு வெள்ளை ஓரத்துக்குள் போய் நிற்கிறது. தாளுக்குள் அடங்காத உயரம் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார். ககேகவாவிலும் இதே குறும்பு. பாலத்தில் எதிர்க்காற்றுக்குக் குனிந்து நடக்கும் கிழவனும் கிழவியும், மேலே ஒரு காற்றாடி. அது மேல்கோட்டைத் தாண்டி வெளியே பறக்கிறது. வெள்ளை ஓரத்தை வெறும் ஓரமாக நினைக்காத ஓவியர். பெட்டிக்காரர்கள்கூட, எத்தனை குறை இருந்தாலும், அந்த ஓரத்தை விட்டுவைத்திருந்தார்கள்.

பத்து நாள் கழித்து வாங்கப் போனேன். ஹராவில் ஃபூஜிக்கு உச்சி இல்லை. மலை ஏறிக்கொண்டே வந்து, படத்தைச் சுற்றி வைக்கும் சந்தன நிற மவுண்ட் அட்டையில் முட்டிக்கொண்டு நின்றது. ககேகவாவில் காற்றாடியின் அடிப்பகுதி மட்டும், யாரோ மேலே ஒட்டிவிட்டுப் போன பொட்டு மாதிரி.

“சார், ஓரத்தில் வெள்ளையாகத்தானே இருந்தது?” என்றார்.

“அந்த வெள்ளைக்குள்தான் தம்பி மலை இருந்தது.”

“நான் அச்சுப்பிழை என்று நினைத்தேன் சார். கோட்டுக்கு வெளியே வந்திருந்ததே.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோட்டுக்கு வெளியே வந்ததைச் சரி செய்து கொடுப்பது அவருடைய தொழில். எழுதிக் கொடுக்காதது என் தவறு. ககேகவா தப்பித்தது, அட்டை மேலே மூடியிருந்ததுதான் குற்றம், தாள் முழுசாக இருந்தது. ஹராவை மட்டும், மற்ற மூன்றோடு ஒரே அளவாக வர வேண்டும் என்று மேல்பக்கம் பிளேடு வைத்து ஒரு சென்டிமீட்டர் எடுத்துவிட்டார். கடையில் வேலை செய்யும் பையனைக் கூப்பிட்டு, வெட்டிய துண்டு இருக்கிறதா என்று கேட்டேன். குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தான். முருகனின் வேல்முனை, யாரோ ஒரு மாப்பிள்ளையின் தோள், தங்கநிறச் சட்டத்தின் தூள் எல்லாம் கொட்டின. அதற்குள் கைவிட்டுத் துழாவி ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து நீட்டினான். நடுவில் சாம்பல் நிறத்தில், சுண்டுவிரல் நகமளவு ஃபூஜியின் உச்சி.

இன்னொரு குறை, இது நான்குக்கும் பொது. மவுண்ட் அட்டை மெல்லியது என்பதால் கண்ணாடி தாள்மேலேயே படிந்திருந்தது, பின்னால் பிரவுன் டேப் போட்டுத் தாளையே அட்டையில் ஒட்டியிருந்தார். சமவெளியில் இது சில வருடம் தாங்கலாம். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் உப்பு டப்பாவைத் திறந்தால் உப்பு ஈரக்கட்டியாக வருகிற ஊர். மண் சரிந்து எங்கள் வண்டியையே நாட்கணக்கில் நிறுத்திவிடும் மழை. கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்தால் தாள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் வானம் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டாவிட்டால் பழுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. என் அப்பாவின் கல்யாணப் படத்துக்கு அந்தக் கதி ஏற்பட்டது. அதனால் நான்கையும் பிரிக்கச் சொல்லி, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஒரு மெல்லிய மரப்பட்டை வைக்கச் சொன்னேன். டேப்பும் பசையும் வேண்டாம், ஆல்பத்தில் படத்தை நிறுத்தும் காகித மூலைகள் போதும் என்றேன். மவுண்டின் திறப்பைக் கறுப்புக்கோட்டிலிருந்து ஒரு விரல் தள்ளி, வெள்ளை ஓரமும் தெரியும்படி வெட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் செய்தார், கூடுதல் காசு வாங்கவில்லை. இரண்டாம் முறை வந்த ககேகவாவில் காற்றாடி முழுசாகப் பறந்துகொண்டிருந்தது. அவருக்கே பிடித்துப்போய் வேலையாட்களை அழைத்துக் காட்டினார்.

ஆக, வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: 2,400 ரூபாய்க்கு 55 தாளையும் வரிசையாகப் பார்க்க முடியும் என்பதற்காக வாங்கலாம். அந்தக் காலத்தில் மூலப்படமே ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்குத்தான் விற்றது என்பார்கள், சிவகாசி காலண்டர் மாதிரி. ஆகவே மறுபதிப்புக்குப் பத்தாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். கையேட்டை நம்ப வேண்டாம். ஒன்றிரண்டை மட்டும் சுவரில் மாட்ட நினைக்கிறவர்கள், பெட்டியை விட்டுவிட்டு உண்மையான ஓபான் அளவில் ஒரே ஒரு தாள் தேடி வாங்குவது மேல். சட்டம் போட அதே கடைக்கு நான் மறுபடியும் போவேன். எங்கே வெட்டக் கூடாது என்று தாளின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போவேன்.

ஹராவை மட்டும் மாட்டவில்லை. உச்சியை ஒட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். சட்டத்தைக் கழற்றித் தாளைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டேன், 12க்கும் 14க்கும் நடுவே. அந்த ஒரு சென்டிமீட்டர் துண்டை ஒரு பழைய டிக்கெட் உறையில் போட்டு அதன்மேல் வைத்திருக்கிறேன். பேத்தி வரும்போதெல்லாம் உறையிலிருந்து எடுத்து, தாளின் தலையில் பொருத்தி வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி உறையில் போடுகிறாள்.